செலவு வேல்ஸுக்கு, செங்கோல் இலண்டனுக்கு

2025 நவம்பர் 13ஆந் திகதி பிரித்தானிய அரசாங்கம் ஓர் அறிவித்தல் விடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்களால் தெரிவு செய்யப்படும் பொலிஸ் ஆணையாளர் பதவி, இப்பொழுதுள்ளோரின் காலம் முடிவடையும் 2028 மே மாதத்தோடு ஒழிந்துவிடும் என்பதே அதன் சாரம். இங்கிலாந்தில் மேயர் உள்ள பிரதேசங்களில் அப்பொறுப்பு மேயரிடஞ் செல்லும். மேயர் இல்லாத இடங்களில் உள்ளூராட்சித் தலைவர்கள் அமர்ந்திருக்கும் சபைகளிடஞ் செல்லும். வேல்ஸில் யாரிடஞ் செல்லும்? அந்த இடம் வந்ததும் அறிவித்தலின் குரல் தணிந்துவிடுகிறது. வேல்ஸ் அரசாங்கத்தோடு கலந்து ஏதோவோர் ஒழுங்கு செய்யப்படும் என்றார்களேயன்றி, வேல்ஸ் மக்கள் தாமே தெரிந்தெடுத்த சட்டமன்றத்திடம் பொலிஸ் ஒப்படைக்கப்படும் என்று சொன்னார்களில்லை.

கடல் கடந்த நாட்டாரின் பொலிஸ் கணக்கு நமக்கேன் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். ஒரு மக்கட் கூட்டம் தன் தெருவிற் காவல் நிற்பவனுக்குச் சம்பளங் கொடுக்கிறது. அவன் எந்தச் சட்டத்தின்கீழ், எந்த அமைப்பில், யாருக்குப் பொறுப்பாக நிற்கவேண்டும் என்பதையோ வேறொரு நகரம் தீர்மானிக்கிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாண சபைகளுக்கென எழுதிவைத்த பொலிஸ் அதிகாரம் இன்றளவும் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடக்கும் நாட்டில், இந்தக் கணக்கை விளங்கிக்கொள்ள எவருக்கும் நீண்ட வியாக்கியானம் வேண்டியதில்லை. அதற்குமேல் ஒப்புமை பேசுவது இன்று எமது நோக்கமன்று. வேல்ஸின் வழக்குத் தன் காலிலேயே நிற்கவல்லது, அதையே ஆராய்வோம்.

ஏறத்தாழ 31 இலட்சம் மக்கள் வாழும் வேல்ஸில் நான்கு பொலிஸ் படைகள் உள்ளன. கார்டிஃப், சுவான்சி நகரங்களும் பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளும் தென் வேல்ஸ் படையின் காவலில். நியூபோட்டும் அதன் சுற்றுப்புறமும் குவெண்ட் படையின் காவலில். ஆங்கில்சித் தீவு தொடங்கி இங்கிலாந்தின் எல்லைவரை வட வேல்ஸ் படை. நான்காவது டவெட்-பொவிஸ் படை. வேல்ஸின் நிலத்திற் பாதிக்கு மேற்பட்டது இதன் கையில். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமுள்ள 43 படைகளுள் பரப்பாற் பெரியது இதுவே. எமது வடமாகாணத்தைவிடப் பரந்த நிலம். ஆனால் குடிசனமோ ஐந்து இலட்சஞ் சொச்சம். செம்மறிப் பட்டிகளும் பாற்பண்ணைகளும் சிறு சந்தைப் பட்டினங்களும் நிறைந்த நாடு அது.

1999ஆம் ஆண்டு முதல் வேல்ஸுக்கென ஒரு சட்டமன்றம் உண்டு. செனெட் என்று இன்று அதற்குப் பெயர். பாடசாலை, வைத்தியசாலை, விவசாயம், வீடமைப்பு, உள்ளூராட்சி யாவும் அதன் பொறுப்பு. பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகியனவோ இலண்டனின் பிடியில். ஸ்கொட்லாந்துக்குத் தன் பொலிஸ் உண்டு. வட அயர்லாந்துக்குந் தன் பொலிஸ் உண்டு. ஒரே முடியின்கீழுள்ள மூன்று சிறு நாடுகளில் இரண்டுக்குத் தகுமென்று கண்டது மூன்றாவதற்கு மாத்திரம் தகாது போயிற்று.

இனிப் பணத்துக்கு வருவோம். வேல்ஸின் பொலிஸ் செலவுக்கு மூன்று பைகளிலிருந்து பணம் வருகிறது. முதலாவது இலண்டனிலுள்ள உள்நாட்டமைச்சின் மானியம். இரண்டாவது கார்டிஃப் அரசாங்கம் உள்ளூராட்சி நிதியோடு சேர்த்து ஒதுக்குவது. மூன்றாவது வீடுகளின்மேல் விதிக்கப்படும் உள்ளூராட்சி வரியோடு கூட்டி அறவிடப்படும் பொலிஸ் வரி. எமது பட்டினங்களிற் சோலைவரி கட்டுவோருக்கு இதன் தன்மை விளங்கும். வேல்ஸ் வீட்டுக்காரனின் வரிச்சீட்டில் மாவட்ட சபைக்கு எவ்வளவு, ஊர்ச் சபைக்கு எவ்வளவு, பொலிசுக்கு எவ்வளவு என்று தனித்தனியே அச்சிட்டிருக்கும். அண்மை ஆண்டுகளில் வட வேல்ஸ், டவெட்-பொவிஸ் படைகளின் செலவில் ஏறத்தாழப் பாதி இந்த வீட்டு வரியிலிருந்தே வந்திருக்கிறது. வரியை உயர்த்த வேண்டின் ஒரு வரம்புக்கு மேற்பட்டால் மக்கள் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்று இங்கிலாந்திற் சட்டமுண்டு. வேல்ஸில் அந்தக் கட்டாயமில்லை. மானியங் குறையும்போதெல்லாம் வீட்டு வரி ஏறுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

பழைய தலைமை நீதியரசர் தோமஸ் பிரபு தலைமையில் வேல்ஸ் அரசாங்கம் அமைத்த நீதி ஆணைக்குழு 2019 ஒக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. 2017-18ஆம் ஆண்டில் வேல்ஸில் பொலிஸ் உட்பட நீதித்துறைக்குச் செலவான தொகை 120 கோடிப் பவுண் என்றும், அதில் 44 கோடி 20 இலட்சம் பவுண், அதாவது நூற்றுக்கு 38 வீதம், வேல்ஸிலேயே திரட்டப்பட்ட பணம் என்றும் அவ்வறிக்கை கணக்கிட்டது. இது இலண்டனுக்கு வேல்ஸ் மக்கள் செலுத்தும் வருமான வரி முதலியவற்றுக்குப் புறம்பானது. அதிகாரமே இல்லாத ஒரு துறைக்கு நூற்றுக்கு 38 வீதங் கொடுப்பவன் உலகிலே வேறெங்கேனும் உளனோ என்பதை நாமறியோம்.

இந்த வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. வேல்ஸ் கமக்காரனுக்கும் பொலிஸ் செலவுக்கும் உள்ள பகை பொலிஸ் பிறந்த நாள்தொட்டே உள்ளது. மாவட்டங்கள் விரும்பினாற் சம்பளப் பொலிசை அமைத்துக்கொள்ளலாம் என்று 1839ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. அதுவரை ஊருக்கூர் எமது பழைய விதானைமாரைப் போன்ற ஊர்க் காவலரே இருந்தனர். அதே ஆண்டு மே மாதம் எவயில்வென் என்ற இடத்தில் தெருச் சுங்கப் படலையொன்று இரவோடிரவாகத் தகர்க்கப்பட்டது. தகர்த்தவர்கள் கமக்காரர், பெண்ணுடை தரித்து, முகத்திற் கரி பூசி வந்தனர். பகைவரின் வாயிலை உன் சந்ததியார் சுதந்தரிப்பர் என்று விவிலியத்தில் ரெபேக்காளுக்குக் கிடைத்த ஆசிமொழியைக் கொண்டு அவர்களுக்கு ரெபேக்காளின் மக்கள் என்ற பெயர் நிலைத்தது. வயலின் புளிப்பை மாற்றச் சுண்ணாம்பு ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் ஒவ்வொரு படலையிலும் காசு கட்டவேண்டியிருந்தது. சுண்ணாம்பின் விலையைவிடச் சுங்கத்தின் விலை நெருக்கியபோது மண்ணை நம்பி வாழ்பவன் என் செய்வான்?

1842, 1843ஆம் ஆண்டுகளில் இக்கலகம் தென்மேற்கு வேல்ஸ் முழுவதும் பரவியது. இலண்டனிலிருந்து பட்டாளமும் பெருநகரப் பொலிஸாரும் வந்தனர். கார்மார்தன் மாவட்டம் 1843இல் தனக்கென ஒரு பொலிஸ் படையை அமைத்தது. கமக்காரனை அடக்க வந்த அந்தப் படைக்குரிய செலவு கமக்காரன் செலுத்திய மாவட்ட வரியிலேயே ஏற்றப்பட்டது. அரசாங்கம் அனுப்பிய விசாரணை ஆணைக்குழுவின்முன் அவர்கள் சொன்ன குறைகளில் சுங்கத்தோடும் தசமபாக வரியோடும் கிராமப் பொலிசின் செலவும் ஒன்றாக நின்றது. 1844இல் பாராளுமன்றம் தெருச் சுங்க முறையைச் சீர்திருத்தியது, கலகம் ஓய்ந்தது. பொலிஸ் வரி மாத்திரம் ஓயவில்லை. ரெபேக்காளின் மக்கள் செய்தவை யாவும் நியாயமென்று நாம் கூறமாட்டோம். ஹெண்டியிற் படலை காத்த முதியவள் 1843 செப்ரெம்பரில் மாண்டது அவ்வியக்கத்தின் தீராக் கறை. ஆயினும், குறை கேட்கப்படாத மக்களிடமே காவலின் செலவையும் வாங்குவது பொலிசை முதல்நாளிலேயே அந்நியனாக்கிவிட்டது என்பது வரலாறு.

இலண்டன் பணங் கொடுக்கத் தொடங்கியது 1856இல். எல்லா மாவட்டங்களும் பொலிஸ் வைத்தேயாக வேண்டும் என்று விதித்த அவ்வாண்டுச் சட்டம், பரிசோதகர் திருப்திப்பட்டாற் சம்பளத்திலும் உடையிலுங் காற்பங்கைத் திறைசேரி தரும் என்றது. 1874இல் அது அரைப்பங்காயிற்று. கொடுத்த பணத்தின் பின்னாலே பரிசோதகரும், அவர் பின்னாலே விதிகளும், விதிகளின் பின்னாலே அமைச்சின் கட்டளைகளும் வந்து சேர்ந்தன. 1889இல் மக்கள் தெரிவு செய்த மாவட்ட சபைகள் பிறந்தபோதும் பொலிஸ் அவற்றிடம் முழுதாக ஒப்படைக்கப்படவில்லை. பாதி நீதவான்களும் பாதி அங்கத்தவர்களுமாக ஒரு கூட்டுக்குழு அதற்கென வைக்கப்பட்டது. வாக்காளனின் கையை முழங்கைவரை மாத்திரம் அவிழ்த்துவிடும் இந்தச் சாமர்த்தியம் அந்நாட்டு ஆட்சியாளருக்குப் பழக்கமானது.

1880களின் பிற்பகுதியில் வடக்கே டென்பி மாவட்டத்திற் கமக்காரர் தாம் வழிபடாத திருச்சபைக்குத் தசமபாகங் கட்ட மறுத்து நின்றபோது, பறிமுதலான கால்நடைகளை ஏலத்துக்கு ஓட்டிச் செல்லக் காவலாக வந்தவர்களும் பொலிஸாரே. 1910 நவம்பரில் தொனிப்பண்டியிற் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, உள்நாட்டு மந்திரியாயிருந்த சேர்ச்சில் இலண்டன் பொலிசையும் பின்னர் பட்டாளத்தையும் அனுப்பினார். தலையிற் காயமுற்ற தொழிலாளி ஒருவர் உயிர்நீத்தார். அந்த நினைவு சேர்ச்சிலின் ஆயுள்முழுதும் தென் வேல்ஸிலே அவரைத் தொடர்ந்தது. இத்தகைய நாட்டில் பொலிஸ் மக்களோடு ஒன்றவேண்டும் என்று எவரேனும் கூறுவாராயின், அவர் எத்தனை தலைமுறை நினைவோடு வாதாடுகிறார் என்பதை முதலில் உணரவேண்டும்.

நம் காலத்துக்கு வருவோம். 2010இன்பின் இலண்டன் அரசாங்கம் சிக்கனம் என்று ஒரு கத்தியை எடுத்தது. பிரித்தானிய தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, எட்டாண்டுகளில் இங்கிலாந்து, வேல்ஸ் பொலிசுக்கான மத்திய அரசாங்கப் பணம் விலைவாசி நீங்கலாக நூற்றுக்கு 30 வீதம் குறைந்தது. உள்ளூர் வரியையுஞ் சேர்த்துப் பார்த்தால் வீழ்ச்சி 19 வீதம். இடைவெளியை வீட்டுக்காரனே நிரப்பினான் என்பது இவ்விரு எண்களுக்கிடையே எழுதப்படாமற் கிடக்கும் செய்தி. 2010 மார்ச்சில் ஏறத்தாழ 144,000 ஆக இருந்த பொலிஸ் உத்தியோகத்தர் தொகை 2018 மார்ச்சில் ஏறத்தாழ 122,000 ஆயிற்று. பின்னர் 2019இல் 20,000 பேரைச் சேர்ப்போம் என்று வாக்களித்து, 2023 மார்ச்சுக்குள் எண்ணை நிரப்பினர். இருபது ஆண்டு ஊரறிந்து ஓய்வுபெற்றவனின் இடத்தில் நேற்றுச் சீருடை தரித்தவன் நின்றால் எண்ணிக்கை சரியாகும், அனுபவஞ் சரியாகுமா?

கத்தி இறங்கிய அந்நாட்களில் கார்டிஃப் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. 2011 தேர்தலில் வேல்ஸ் தொழிற்கட்சி சமூகத் துணைப் பொலிஸார் 500 பேரைத் தன் செலவில் அமர்த்துவதாக வாக்களித்து, வென்றபின் அமர்த்தியது. 2021இன்பின் அத்தொகையை 600 ஆக்குவதென முடிவு செய்தது. இவர்கள் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உண்டானவர்கள்; முழுப் பொலிஸாருக்குள்ள கைது அதிகாரம் இவர்களுக்கில்லை. இவர்கள் வேலை தெருவிலே நடப்பது, கடைக்காரனோடு பேசுவது, பாடசாலை வாசலில் நிற்பது, எந்த வீட்டுப் பையன் எந்தப் பழக்கத்தில் விழுகிறான் என்று அறிந்து வைத்திருப்பது. பொலிஸ் கார்டிஃபின் பொறுப்பன்று. அதற்குச் செலவு செய்யும் கடமையுமில்லை. இருந்தும் தன் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் போதாத பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. தன் மக்களுக்கு அருகில் இருப்பவனுக்கே அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது காதில் விழும்.

உள்நாட்டமைச்சின் பை வேறொன்றையும் வாங்கியது. 2017 முதல் தென் வேல்ஸ் படை, தெருவிற் செல்வோரின் முகங்களைக் கமராவாற் படித்து அடையாளங் காணும் இயந்திரத்தை அமைச்சின் பணத்தோடு பரீட்சித்து வந்தது. தன் முகமும் அவ்வாறு பிடிக்கப்பட்டதென்று கார்டிஃப் வாசியான எட் பிரிட்ஜஸ் வழக்குத் தொடுத்தார். 2020 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவ்வியந்திரம் பயன்படுத்தப்பட்ட முறை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. இலண்டன் பணமெல்லாங் கமராவிற் போயிற்று என்றோ, கார்டிஃப் கைபட்டதெல்லாம் பொன்னாயிற்று என்றோ நாம் சாதிக்கவில்லை. சம்பளத்திற் பெரும்பங்கு இன்றும் அமைச்சின் மானியத்தில் நடக்கிறது. ஆனால் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் கையில் வந்தபோது ஒரு தலைநகரம் ஊரிலே நடக்கும் மனிதனைத் தேடிற்று; மற்றத் தலைநகரம் ஊரைப் பார்க்கும் கண்ணாடியைத் தேடிற்று.

இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே கிடப்பவன் படும் பாட்டுக்கு இன்னோர் உதாரணம். 2017 ஏப்ரல் முதல் பிரித்தானியாவிற் பெரிய சம்பளச் செலவுள்ள ஒவ்வொரு நிறுவனமும் தொழிற்பயிற்சிக்கென அச்செலவில் நூற்றுக்கு அரை வீதம் செலுத்தவேண்டும். இங்கிலாந்திலுள்ள பொலிஸ் படைகள் செலுத்திய பணத்திலிருந்தே தம் புதிய உத்தியோகத்தரைப் பயிற்றலாம். வேல்ஸிலோ பயிற்சி கார்டிஃபின் பொறுப்பு, பொலிஸ் இலண்டனின் பொறுப்பு. ஆகவே வேல்ஸின் நான்கு படைகளும் வரியைக் கட்டின. பயன் வரும் வாயில் அடைந்து கிடந்தது. அதைத் திறப்பிக்க அவர்கள் ஆண்டுக்கணக்கில் இரு தலைநகரங்களுக்குமிடையே மனுவோடு அலைந்தனர். மானியத்தைப் பங்கிடும் சூத்திரத்தின் இலட்சணமோ இதைவிட மோசம். அது பழுதானது என்று அமைச்சே ஒப்புக்கொண்டு 2015இல் திருத்தப் புறப்பட்டது. கணக்கிற் பிழையான எண்களைப் போட்டுவிட்டதாக நவம்பரில் வெளியாகவே, மந்திரி மன்னிப்புக் கேட்டுத் திருத்தத்தை நிறுத்தினார்.

மக்களின் ஈடுபாடு என்ற சொல் இப்பொழுது பொலிஸ் அறிக்கைகளில் நிறைந்து வழிகிறது. ஆணையாளர் பதவியும் அதன் பெயராலேயே உண்டாக்கப்பட்டது. அதை உண்டாக்கிய 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆணையாளரைக் கண்காணிக்கும் குழுக்களை உள்ளூராட்சி மன்றங்கள் அமைப்பதற்கு வேல்ஸ் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. சட்டமன்றம் மறுத்துவிட்டது. இலண்டன் என்ன செய்தது? வேல்ஸில் மாத்திரம் அக்குழுக்களை உள்நாட்டு மந்திரியே அமைப்பார் என்று மாற்றி எழுதிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. மக்களிடம் பொலிசைக் கொண்டுசெல்லும் சீர்திருத்தம் மக்களின் மன்றத்தைச் சுற்றிக்கொண்டு சென்றது.

2012 நவம்பரில் முதல் தேர்தல் நடந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் வாக்களித்தவர் நூற்றுக்கு 15 பேர். நியூபோட் நகரின் பெட்டுஸ் பகுதியில் ஒரு வாக்களிப்பு நிலையம் காலைமுதல் இரவுவரை திறந்திருந்தது. ஒரு வாக்குத்தானும் விழவில்லை. அலுவலர் மாத்திரம் பெட்டியைக் காத்திருந்தனர். 2016 மே மாதத்தில் இதே தேர்தல் வேல்ஸ் சட்டமன்றத் தேர்தலோடு ஒரே நாளில் வந்தது. அன்று வேல்ஸில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் பொலிஸ் ஆணையாளருக்கும் வாக்களித்தனர். 2024இல் மறுபடியுந் தனித்து நடந்தபோது 20க்குக் கீழே விழுந்தது. வேல்ஸ் மக்கள் அசிரத்தையானவர்கள் என்று இதிலிருந்து தீர்ப்புக் கூறுவோர் உளர். தம் பாடசாலையையும் வைத்தியசாலையையும் நடத்தும் மன்றத்தைத் தெரிய வந்த மக்கள், அதே வாசலில் பொலிசுக்கும் வாக்கிட்டுச் சென்றார்கள் என்பதே எமக்குத் தெரிகிறது.

ஈடுபாடு அற்றவிடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஈலியைப் பார்க்கலாம். கார்டிஃப் நகரின் அப்பகுதியில் 2023 மே 22ஆந் திகதி மாலை மின்சார சைக்கிளிற் சென்ற சிறுவர் இருவர் விபத்தில் மாண்டனர். பொலிஸ் வண்டி துரத்தியதாகப் பேச்சுப் பரவியது; அன்றிரவே கலகம் மூண்டு வண்டிகள் எரிந்தன; பொலிஸார் பலர் காயமுற்றனர். துரத்தல் எதுவும் நடக்கவில்லையென்பதே தாமறிந்தது என்று மறுநாள் ஆணையாளர் வானொலியிற் கூறினார். பின்னர் பொலிஸ் வண்டியொன்று அச்சைக்கிளின் பின்னே செல்வதைக் காட்டும் கமராப் படம் வெளிவந்தது. கலகத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஊரவர் வாய்ச்சொல் மெய்யாகி, தேர்ந்தெடுத்தவர் வாய்ச்சொல் பொய்த்த அந்த நாளின் நட்டத்தை எந்த மானியத்தால் ஈடு செய்வது?

நல்லவையும் உள. வட வேல்ஸ் படை 2013இல் கிராமியக் குற்றங்களுக்கென ஒரு தனிப்பிரிவை அமைத்தது. ஆட்டுத் திருட்டு, மலைக் காணிகளில் ஓடும் நாற்சக்கர மோட்டார் வண்டித் திருட்டு, கட்டவிழ்ந்த நாய்கள் பட்டியிற் புகுந்து சினை ஆடுகளைக் கடித்துக் குதறுவது ஆகிய இவையே கமக்காரனின் இராப்பயம். நகரத்துப் பொலிஸ் நிலையத்தில் இம்முறைப்பாடுகளைச் சொன்னால் எழுதிக்கொள்பவன் முகத்தில் ஒரு சிரிப்புத் தோன்றுவதுண்டு. பண்ணையறிந்தவர்களைக் கொண்ட இப்பிரிவு அந்தச் சிரிப்பை நிறுத்தியது. நாய்க்கடி விடயத்தில் 1953ஆம் ஆண்டுச் சட்டம் பொலிசுக்குப் போதிய அதிகாரம் தரவில்லை என்பதைப் பல ஆண்டுகள் எண்ணிக்கையோடு எடுத்துரைத்ததும் அதுவே. 2021இல் வேல்ஸ் முழுவதற்குங் கிராமிய, வனசீவராசிக் குற்றங்களை ஒருங்கிணைக்க ஓர் உத்தியோகத்தரை நியமித்தபோது அதற்குரிய பணத்தைக் கொடுத்தது கார்டிஃப் அரசாங்கம். மறுபடியும் அதே கதை.

மொழியும் அப்படியே. 2021 குடிசன மதிப்பின்படி வேல்ஸில் வேல்ஸ் மொழி பேசுவோர் 538,000 பேர், நூற்றுக்கு 17.8 வீதம். குவினெத் மாவட்டத்திலோ நூற்றுக்கு 64 பேர். அங்கே திருட்டுக் கொடுத்த கிழவி தன் மொழியில் முறையிட்டால் அதைத் தன் மொழியிலேயே கேட்பவன் பொலிஸ் நிலையத்தில் இருக்கவேண்டும். வட வேல்ஸ் படையின் தலைவராக 2009 வரை இருந்த றிச்சட் பிறன்ஸ்ரொம் ஆங்கிலேயர். பதவியேற்றபின் வேல்ஸ் மொழியைக் கற்றுத் தேர்ந்தார். அப்படையிற் சேர்வோருக்கு அடிப்படை வேல்ஸ் அறிவு வேண்டும் என்ற விதியும் உண்டு. 2011ஆம் ஆண்டின் வேல்ஸ் மொழிச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் இன்று நான்கு படைகளையும் கட்டுப்படுத்துகின்றன. அந்தச் சட்டத்தை ஆக்கியது வெஸ்ற்மின்ஸ்ரர் அன்று, கார்டிஃப். பொலிசின் நாவை ஆளும் அதிகாரம் வேல்ஸுக்கு உண்டு. அதன் கையை ஆளும் அதிகாரந்தான் இல்லை.

எதிர்வாதங்களை மூடிமறைக்க நாம் விரும்பவில்லை. வட வேல்ஸின் போக்குவரத்து கிழக்கு மேற்காக ஓடுகிறது. லிவர்பூலிலும் மான்செஸ்ரரிலும் இருந்து போதைவஸ்துக் கும்பல்கள் ஏ55 நெடுந்தெரு வழியே ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகின்றன. அங்குள்ள பொலிசுக்குக் கார்டிஃபைவிட லிவர்பூலோடு அலுவல் அதிகம். எல்லையை மதிக்காத கள்வனுக்கு எல்லைபோட்ட பொலிஸ் ஈடுகொடுக்குமா என்பது நியாயமான கேள்வியே. ஆயினும் ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலும் எல்லையுண்டு. அங்கே இரு பொலிசும் கூடி வேலை செய்யாமலில்லை. நிருவாக உடன்படிக்கையால் தீரக்கூடியதை அரசியலுரிமையை மறுப்பதற்குக் காரணமாக்கலாகாது.

இன்னொரு பயம் வடக்கத்தியாருடையது. இலண்டனிலிருந்து வருவது கார்டிஃபில் நின்றுவிட்டால் தமக்கென்ன பயன் என்று அவர்கள் கேட்கிறார்கள். இது இலேசாகத் தள்ளத்தக்கதன்று. 2005-06இல் நான்கு படைகளையும் ஒன்றாக்க இலண்டன் முயன்றபோது வடக்கே பலத்த எதிர்ப்பு எழுந்தது. நான்கு பகுதிகளிலும் வெவ்வேறாயிருந்த பொலிஸ் வரியைச் சமன்செய்வது எப்படி, ஒன்றாக்குஞ் செலவை யார் தாங்குவது என்பவற்றுக்கு விடை காணாமல் 2006இல் அது கைவிடப்பட்டது. அதிகாரத்தைக் கார்டிஃப் பெறுவது வேறு. படைகளைக் கார்டிஃபிற் குவிப்பது வேறு. முன்னதைக் கேட்போர் பின்னதைச் செய்யமாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதிவைக்கத் தயாராயிருக்க வேண்டும். வேல்ஸ் தலைவர்கள் இதில் இன்னுந் தெளிவாகப் பேசவேண்டியவர்களே.

பணம் போதுமா என்பது மூன்றாவது கேள்வி. அதிகாரம் வரும்போது அமைச்சின் மானியத்துக்கு ஈடான தொகையும் கூடவே வராவிட்டால், கார்டிஃபின் கழுத்தில் ஒரு கல்லைக் கட்டியதாகவே முடியும். தொகையை முதலில் எழுத்திற் பெறாமல் பொறுப்பை ஏற்பது பேதைமை.

2014இல் சில்க் ஆணைக்குழு பொலிசை வேல்ஸுக்குக் கொடுக்கவேண்டும் என்றது. 2019இல் தோமஸ் ஆணைக்குழு பொலிசோடு நீதித்துறையையுங் கொடுக்கவேண்டும் என்றது. 2024 ஜனவரியில், றோவன் வில்லியம்ஸ், லோறா மக்அலிஸ்ரர் ஆகியோர் தலைமையிலான அரசியலமைப்பு ஆணைக்குழுவும் அதையே சொல்லிற்று. முதலாவதை அமைத்தது இலண்டன் அரசாங்கமே. பத்து ஆண்டுகளில் மூன்று ஆணைக்குழுக்கள் ஒரே முடிவுக்கு வந்தன. மூன்று அறிக்கைகளும் ஒரே அலுமாரிக்குச் சென்றன. 2024 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி தன் விஞ்ஞாபனத்தில் சிறுவர் நீதியையும் நன்னடத்தைச் சேவையையும் பற்றி ஆராய்வதாக மாத்திரஞ் சொன்னது. இதற்கிடையில் 2017 முதல் மான்செஸ்ரர் பெருநகரின் மேயர் தம் பிரதேசப் பொலிசின் பொறுப்பை வகித்து வருகிறார். அங்குள்ள மக்கட்தொகை வேல்ஸினதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு நகரத்து மேயருக்குத் தரக்கூடியதை, சட்டமியற்றும் அதிகாரமுள்ள ஒரு நாட்டின் மன்றத்துக்குத் தரலாகாதென்றால் அதற்குரிய காரணத்தை இலண்டன் சொல்லவேண்டும். இதுவரை சொல்லவில்லை.

2028இல் ஆணையாளர்கள் போனபின் வேல்ஸுக்கும் ஏதேனுமொரு சபை வரும். அதில் யார் அமர்வார், யார் நியமிப்பார், அது யாருக்குக் கணக்குக் காட்டும் என்பவையே இப்பொழுது பேசப்படவேண்டியவை. மாவட்ட சபைத் தலைவர்களைக் கொண்டு ஒரு குழுவை அமைத்து, விதிகளை வழமைபோல் உள்நாட்டு மந்திரியே எழுதுவாராயின், 2011இல் நடந்தது மறுமுறை நடக்கும். அதே 2028 ஏப்ரல் முதலாந் திகதி வேல்ஸ் வீடுகள் யாவற்றுக்கும் உள்ளூராட்சி வரிக்குரிய மதிப்புப் புதிதாகும் என்று வேல்ஸின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. 2005இன்பின் இதுவே முதல் மறுமதிப்பு. ஆக, கார்மார்தன் கமக்காரனுக்கும் கார்டிஃப் ஆசிரியருக்கும் ஏப்ரலிற் புதிய வரிச்சீட்டு வரும்; மே மாதத்தில் அதைப் பற்றிக் கேட்கவேண்டிய ஆணையாளர் இருக்கமாட்டார். இடையிலுள்ள காலத்தில் கார்டிஃப் அரசாங்கம் இரண்டைக் கேட்டுப் பெறவேண்டும்: புதிய சபை செனெட்டின் சட்டத்தால் அமைய வேண்டும்; உள்நாட்டமைச்சின் மானியத்துக்கு ஈடான தொகை ஆண்டுதோறும் கார்டிஃபுக்கு வரும் என்ற உறுதி எழுத்தில் இருக்கவேண்டும். வெஸ்ற்மின்ஸ்ரரில் வேல்ஸுக்காக அமர்ந்திருக்கும் 32 அங்கத்தவர்கள் தம் கட்சியின் சாட்டையைப் பார்ப்பார்களோ, தம் தொகுதியின் வரிச்சீட்டைப் பார்ப்பார்களோ என்பது, ஆணையாளர் பதவியை ஒழிக்கும் மசோதாவின்மீது அவர்கள் வாக்களிக்கும்போது தெரியவரும்.